தானே புயலில் சாய்ந்த பலாவில் ஒரு பெஞ்ச்

பழைய கணக்குப்படி நான் போன வைகாசியிலேயே மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். தமிழக அரசு ஊழியர் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020-இல் 59, 2021-இல் 60 என்று ஆனது. அதனால் கடலூர் மஞ்சக்குப்பத்து ஆபீஸ் நாற்காலியில் எனக்கு இன்னும் கொஞ்ச காலம் பாக்கி. எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற சிலரைப் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் கோயில், குளம். இரண்டாம் மாதம் பேங்க், கருவூலம். மூன்றாம் மாதத்திலிருந்து காலை 11 மணிக்கு ஆபீசுக்கே வந்து, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்கள். அந்த டீயை நான் குடிக்கக் கூடாது என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

மரவேலையில் இறங்கியதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. மரம் சும்மா கிடந்தது.

என் மனைவிக்குப் பண்ருட்டிப் பக்கம் ஊர். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது அந்தப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் எப்படிப் படுத்தன என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமனார் வீட்டுக் கொல்லைப் பலா வேரோடு சாய்ந்து மாட்டுக்கொட்டகை மேல் விழுந்தது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பண்ருட்டிப் பலாவைத் தேடி வாங்குவார்கள்தான்; ஆனால் அந்த வருஷம் ஊரே பலாவாகக் கிடந்தது, விறகு விலைக்குத்தான் கேட்டார்கள். மாமனாருக்கு மனசு வரவில்லை. சாமில்லில் கொடுத்து ஐந்து பலகையாக அறுத்து வாங்கி, கொட்டகைப் பரணில் அடுக்கிவிட்டார். அவர் காலமாகியும் சில வருஷங்கள் ஆகிவிட்டன. பலகை அப்படியே கிடந்தது.

போன வருஷம் ஐப்பசியில் மைத்துனன் போன் செய்தான். "மாமா, கொட்டகைய இடிச்சிட்டு ஷெட் போடறேன். பலகைய எடுத்துக்கறீங்களா, அடுப்புக்குப் போட்டுடட்டுமா?" குட்டியானை பிடித்து எடுத்து வந்தேன்.

இறக்கியபோது பார்க்கவே பாவமாக இருந்தது. மாட்டுச் சாணிப் புகையும் ஒட்டடையும் ஏறிச் சாம்பல் நிறம். ஓரங்களில் வெளிறாக இருந்த பகுதி முழுக்க உளுத்து, விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. ஆனால் உள்ளே வைரம் பாய்ந்த பகுதியில் ஒரு பொட்டு ஓட்டை இல்லை. ஒரு மூலையில் பேனாக்கத்தியால் சுரண்டினேன். உள்ளே பளிச்சென்று மஞ்சள், அரைத்து வைத்த மஞ்சள் மாதிரியே. பலா மரத்தூளைக் கொதிக்க வைத்த சாயத்தில்தான் அந்தக் காலத்தில் பௌத்தத் துறவிகளின் துவராடைக்கு நிறம் ஏற்றினார்கள் என்று படித்திருக்கிறேன். அன்றைக்கு மஞ்சள் ஏறிய என் கைக்குட்டையைப் பார்த்ததும் நம்பிக்கை வந்தது.

எங்கள் வீட்டுக்கு நிலை வைத்த ஆசாரி முதுநகரில் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். இப்போது வேலைக்குப் போவதில்லை. மகன் பிளைவுட், மைக்கா என்று வேறு உலகத்தில் இருக்கிறார். "அண்ணே, ஒரு பெஞ்ச் செய்யணும், நானே செய்யணும், நீங்க சும்மா சொல்லிக்கொடுத்தா போதும்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரிட்டையர்டு ஆவ எவ்ளோ நாள் இருக்குது சார்?"

"ரெண்டரை வருஷம்."

"கை படியறதுக்கு சரியா இருக்கும்."

கருவி என்று நான் முதலில் வாங்கியது: ஒன்றரை, முக்கால், கால் அங்குல உளிகள் மூன்று, ஒரு கைரம்பம், மூலைமட்டம், இரண்டு பக்கமும் தேய்க்கிற கார்போரண்டம் கல், ஜி கிளாம்ப் நான்கு. இழைப்புளி மட்டும் ஆசாரி தன்னுடைய பழைய மர இழைப்புளி ஒன்றைக் கொடுத்தார். மின்சார மெஷின் எதுவும் வேண்டாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எனக்குக் கிடைக்கிற நேரம் காலை ஐந்தரையிலிருந்து ஏழு. அந்த நேரத்தில் கிரைண்டர் போட்டால் தெருவில் குடியிருக்க முடியாது. பின்னால் துளை போட மட்டும் ஒரு டிரில் வாங்கினேன். அதை ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல்தான் தொடுவது.

வேலை செய்ய மேஜை? ஆசாரி தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாதத்துக்கு அரை அங்குலத்தில் உளியை ஓட்டுவார். என் முட்டி அதற்கெல்லாம் இடம் கொடுக்காது. மொட்டை மாடியில் தகர ஷீட்டுக்குக் கீழே துவைக்கிற கல் ஒன்று இருந்தது. வாஷிங் மெஷின் வந்ததிலிருந்து காக்காய் உட்காருவதற்குத்தான் பயன்பட்டது. இடுப்பு உயரம், அசையவே அசையாது, கருங்கல் பலகை மூன்று பக்கமும் நான்கு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் கிளாம்ப் மாட்டவும் வசதி. லேசான சரிவு இருந்தது. ஒரு பக்கம் ரீப்பர் துண்டு கொடுத்துச் சமன் செய்தேன். கடையில் விற்கிற ஒர்க்பெஞ்ச் படங்களையெல்லாம் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தவனுக்கு அது மாடியிலேயே நின்றுகொண்டிருந்தது.

முதல் ஞாயிறு உளியோடு போய் ஆசாரி முன்னால் நின்றேன். விரலால் ஒரு தடவு தடவினார்.

"இதுல வெண்டைக்கா கூட அறுக்க முடியாது சார்."

புது உளி என்றேன். புது உளி என்றால் கடைக்காரர் கூர் போட்டுக் கொடுப்பார் என்று நினைத்திருந்தேன். தொழிற்சாலையில் வடிவம்தான் கொடுக்கிறார்கள். கூர் நாம்தான் ஏற்ற வேண்டும். இதற்கே எனக்கு இரண்டு ஞாயிறு போயிற்று. ஆனால் மரவேலையில் நான் உண்மையில் கற்றுக்கொண்டது இந்த இரண்டு ஞாயிற்றில்தான் என்று இப்போது தோன்றுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உளிக்கு இரண்டு முகம். சரிவான முகம் ஒன்று, தட்டையான முதுகு ஒன்று. எல்லாரும் சரிவைத்தான் தேய்ப்பார்கள். முதுகு தட்டையாக இல்லாவிட்டால் சரிவை எவ்வளவு தேய்த்தும் பயனில்லை, ஏனென்றால் கூர் என்பது இரண்டு முகமும் சந்திக்கிற கோடு. பழைய போட்டோ பிரேமிலிருந்து கழற்றிய கண்ணாடியில், தண்ணீர் விட்டுத் தேய்க்கிற 220 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, முதுகின் முதல் ஒரு அங்குலத்தை மட்டும் தேய்த்தேன். முதல் பத்து தேய்ப்பில் ஓரங்கள் மட்டும் பளபளத்தன, நடுவில் மந்தமாகவே இருந்தது. அதாவது நடுவில் குழி. அது மறைய முக்கால் மணி நேரம். பிறகு 400, 800, 1000. கடைசியில் அதில் என் கண்ணாடி பிரேம் தெரிந்தது.

சரிவுக்கு ஏறக்குறைய 25 டிகிரி. கையால் அந்தக் கோணத்தைப் பிடிக்க எனக்கு வரவில்லை, உளி முன்னும் பின்னும் ஆடி, சரிவு உருண்டுபோனது. ஆசாரி ஒரு வழி சொன்னார்: சரிவைக் கல்லில் வை, பின்பக்க முனை ஒட்டும், முன்முனை ஒட்டும், இரண்டும் ஒட்டுவது விரலுக்குத் தெரியும், அங்கேயே மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு தோளை மட்டும் அசை. சரி, பத்து நிமிஷத்தில் முதுகுப் பக்கம் ஒரு பிசிறு எழுந்தது. நகத்தில் தட்டுப்படுகிற மெல்லிய கம்பி மாதிரி. அந்தப் பிசிறு முனை முழுக்க எழுந்தால்தான் தேய்த்தது போதும் என்று அர்த்தம். முதுகைத் தட்டையாக வைத்து இரண்டு இழுப்பு, பிசிறு போகும். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டைக் கட்டையில் ஆணியடித்து, பித்தளை பாலிஷ் கொஞ்சம் தடவி, பின்பக்கமாக இருபது இழுப்பு. முன்கை ரோமம் சத்தமில்லாமல் விழுந்தது. ஆபீசில் சக ஊழியர் ஒருவர் "என்ன சார், கையில பாதி மொட்டை?" என்று கேட்கிற அளவுக்குக் கொஞ்ச நாள் பரீட்சை நடந்தது.

ஒரு எச்சரிக்கை. எங்கள் வீடு தேவனாம்பட்டினம் ரோட்டுப் பக்கம், கடல் உப்புக்காற்று வீசுகிற இடம். தேய்த்துவிட்டு அப்படியே வைத்தால் மறுநாள் காலை முதுகில் துரு பூத்திருக்கும். தையல் மெஷின் எண்ணெயை ஒரு துணியில் நனைத்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் துடைத்துச் சுருட்டி வைக்கிறேன். கடலூரில் மரவேலை செய்ய நினைப்பவர்கள் உளி வாங்குவதற்கு முன்னால் அந்த எண்ணெயை வாங்குங்கள்.

இழைப்புளிக்கு அதே சாணைதான். பிளேடை முன்னே பின்னே நகர்த்துவது சுத்தியலால். பிளேடின் தலையில் தட்டினால் வெளியே வரும், கட்டையின் பின்முகத்தில் தட்டினால் உள்ளே போகும். மெதுவாக, கதவைத் தட்டுகிற மாதிரி. கார்த்திகை முழுக்க மழையில்லாத காலைகளில் பலகையை இழைத்தேன். பலகை குறுக்கே வளைந்து, ஓடு கவிழ்த்த மாதிரி இருந்தது. மேடான பக்கத்தை மேலே வைத்து, முதலில் குறுக்காக இழைத்து மேட்டை எடுத்து, அப்புறம் நீளவாக்கில். பலாவில் ஒரு தொல்லை, நார் ஒரே பக்கம் ஓடாது. ஒரு அடி வழவழவென்று வரும், அடுத்த கையளவில் நார் பிய்ந்து குழியாகும். பிளேடை மறுபடி சாணை பிடித்து, சீவல் வெங்காயத்தோல் அளவுக்கு வரும்படி உள்ளே தட்டி, இழைப்புளியைச் சாய்வாகத் தள்ளியபோது பாதி சரியானது. மீதிக்கு ஆசாரி ஒரு கண்ணாடிச் சில்லைக் கொடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து லேசாகச் சாய்த்து இழுத்தால் பொடிச் சீவலாக வருகிறது. உப்புத்தாளை விட நல்ல முகம் கிடைத்தது. தோல் கையுறை போட்டுக்கொண்டுதான் பிடித்தேன்.

இழைத்து முடித்தபோது பலகை நீளம் 3 அடி 2 அங்குலம், அகலம் 11 அங்குலம் 6 நூல், கனம் ஒன்றேகால் அங்குலம். அங்குலத்துக்கு எட்டு நூல். டேப்பில் மில்லிமீட்டர் பார்த்துப் பழகிய எனக்கு இந்த நூல் கணக்கு ஒரு வாரத்தில் பிடித்துப்போனது. பாதியைப் பாதியாக்கிக்கொண்டே போகிற கணக்கு, மனசிலேயே போடலாம்.

பெஞ்ச் வடிவம் எளிமையானது. மேலே பலகை, இரண்டு பக்கமும் பலகையாலேயே கால், நடுவில் இரண்டு காலையும் இழுத்துப் பிடிக்க ஒரு குறுக்குச் சட்டம். கால் பலகையின் தலையில் துளைக்குள் நுழைகிற நாக்கு மாதிரி இரண்டிரண்டு கழுந்து விட்டு, மேல்பலகையில் துளை போட்டு நுழைத்து, ஆப்பு அடித்துவிடுவது. உயரம் 17 அங்குலம். செருப்பு மாட்ட உட்கார்ந்தால் என் முட்டி முனகாத உயரம், சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்து எடுத்த அளவு.

கழுந்தை அறுப்பதில் சொல்ல ஒன்றுமில்லை, கோட்டுக்கு வெளியே அறுத்து உளியால் கோட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். துளைகளில் ஒன்றை இரண்டு நூல் தள்ளிப் போட்டேன். பென்சில் கோடு இரண்டு இருந்தது, எது வேண்டாத பக்கம் என்று குறி வைக்கவில்லை. அந்த இடைவெளியை ஒரு சில் வைத்து அடைத்திருக்கிறேன், தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கலாம். ஆப்பில் மட்டும் ஆசாரி கையைப் பிடித்து நிறுத்தினார். ஆப்பை எந்தத் திசையில் அடித்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துக் கழுந்தில் மேல்பலகையின் நீளவாக்கில் வெட்டு போடப் போயிருந்தேன். ஆப்பு தள்ளுகிற தள்ளு மேல்பலகையின் நார் ஓடுகிற திசையில் போக வேண்டும். குறுக்கே தள்ளினால் விறகு பிளக்கிற மாதிரி பலகை பிளந்துவிடும். அதனால் ஆப்பு பலகையின் நாருக்குக் குறுக்காக நிற்க வேண்டும். அவர் சொன்னபடி அடித்தேன். கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலின் சத்தம் ஒவ்வொரு அடிக்கும் ஏறி, கடைசியில் 'டங்' என்று கெட்டியாக விழுந்த இடத்தில் நிறுத்தினேன்.

அத்தோடு விட்டிருக்கலாம்.

மார்கழியில் பெஞ்ச் நின்றது. பலகை மறுபடி வளைந்துவிடுமோ என்று பயம். யாரிடமும் கேட்காமல் மேல்பலகையின் அடியில், அகலவாக்கில் ஒன்றரை அங்குலச் சட்டங்கள் இரண்டு வைத்து, நன்றாக ஃபெவிகால் தடவி, சட்டத்துக்கு நான்கு ஸ்குரூ முறுக்கினேன். உறுதியாக இருக்கிறது என்று பெருமை. வாசலில் வைத்தேன். தை, மாசி, பங்குனி, எல்லாரும் உட்கார்ந்து எழுந்தார்கள்.

கத்திரி வெயிலில், எனக்கு 58 முடிந்த அதே வாரம், மத்தியானத் தூக்கத்தில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் ஒரு பக்க முனையிலிருந்து 14 அங்குல நீளத்துக்கு பெஞ்ச் பிளந்திருந்தது. ஒரு ரூபாய் நாணயம் உள்ளே நுழைந்தது. "என்னங்க, சுவரா, பானையா?" என்று கேட்டுக்கொண்டே வந்த மனைவி, பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காப்பி போடப் போனாள்.

ஆசாரி வந்து பெஞ்சைக் கவிழ்த்தார். சட்டத்தைப் பார்த்தார், ஸ்குரூவை எண்ணினார்.

"நாலு காலும் கட்டிப் போட்டா மாடு கூட கயித்த அறுத்துக்கும் சார்."

விஷயம் இதுதான். மரம் ஈரத்தை வாங்கும், விடும். வாங்கினால் அகலவாக்கில் உப்பும், விட்டால் அகலவாக்கில் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையவே அசையாது. என் பலகை அகலவாக்கில் சுருங்கப் பார்த்திருக்கிறது. குறுக்கே நான் ஒட்டிய சட்டத்துக்கு அது நீளவாக்கு, அது சுருங்காது. நடுவில் பசையும் ஸ்குரூவும். எங்கே பலவீனமோ அங்கே பிளந்தது. மார்கழியில் 11 அங்குலம் 6 நூல் என்று எழுதி வைத்த அகலம் மறுமுனையில் அளந்தபோது ஒரு நூல் குறைந்திருந்தது. பதின்மூன்று வருஷம் காய்ந்த மரம் இனி என்ன காயப்போகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். காய்ந்த மரம்தான், ஆனால் மழைக்காலத்துக் கடலூர்க் காற்றுக்கும் சித்திரைக் காற்றுக்கும் அது தனித்தனியாகப் பதில் சொல்லும். கால்பலகைகள் பிரச்சினை செய்யவில்லை. அவற்றின் அகலமும் மேல்பலகை அகலமும் ஒரே திசை, சேர்ந்தே சுருங்கின.

ரிப்பேர் ஆனி, ஆடி இரண்டு மாதம். ஸ்குரூ கழன்றது, பசை கழலவில்லை. அந்த வெள்ளைப் பசை சூட்டுக்கு இளகும் என்பதால் ஈரத்துணி போட்டு மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்து, மெல்லிய பட்டைக்கத்தியை நுழைத்து நுழைத்து எடுத்தேன். பெட்டியின் அடியில் பழுப்புக் கறை. அதற்கான சொல்லடி தனிக்கதை.

பிளவுக்குள் பழைய காலண்டர் அட்டையால் பசையை ஊட்டி, மூன்று கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டேன். வெளியே பிதுங்கிய பசையை உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் அடிக்கும்போது அந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். நான் ஒரு இடத்தை விட்டுவிட்டேன், நிற்கிறது.

பிறகு உடுக்கை. பிளவு மறுபடி திறக்காமல் இருக்க, நடுவில் இடை சிறுத்த, உடுக்கை வடிவக் கட்டைகள் இரண்டைப் பிளவின் குறுக்கே பதித்தேன். பழைய ஜன்னல் தேக்குச் சட்டத்தில் அறுத்தது: நீளம் 3 அங்குலம், முனை ஒன்றரை, இடை ஒன்று, கனம் நான்கு நூல். உடுக்கையின் நார் அதன் நீளவாக்கில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பில் ஒடிந்துவிடும். கட்டையைப் பலகை மேல் வைத்து பென்சிலுக்குப் பதில் பிளேடு கத்தியால் சுற்றிக் கீறினேன். கத்திக் கோட்டில் உளியின் முனை தானாகப் போய் உட்காரும், வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அது பெரிய உதவி. உள்ளே குடைந்து, கட்டையின் அடி விளிம்பைத் துளி சரித்து, பசை தடவி, மேலே ஒரு ரீப்பர் துண்டு வைத்துத் தட்டினேன். முதல் உடுக்கை இறுகி உள்ளே போனபோது பசை நான்கு பக்கமும் ஒரே அளவாகக் கசிந்தது. மற்றதில் ஒரு பக்கம் தாள் நுழையும் இடைவெளி. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன்.

அடிச் சட்டம் மறுபடி போட்டேன், இந்த முறை பசை இல்லாமல். நடு ஸ்குரூ மட்டும் இறுக்கம். ஓரத்தில் இருப்பவைக்குச் சட்டத்தில் வட்டத் துளைக்குப் பதில் அகலவாக்கில் நீண்ட துளை, வாஷர் போட்ட துருப்பிடிக்காத ஸ்குரூ. பலகை இஷ்டத்துக்கு நகரலாம்.

மேல்பூச்சுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். மெல்லிசாகத் தடவி, பதினைந்து நிமிஷம் கழித்து மீதியைத் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி, மொத்தம் நான்கு முறை. எண்ணெய் துடைத்த துணியைப் பந்தாகச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காய்வது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான். அப்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். நான் கொடியில் விரித்துக் காயவைத்து, விறைத்த பிறகுதான் எறிகிறேன்.

இப்போது மறுபடி கார்த்திகை. பிளவு மயிரிழை அளவு, விரலுக்குத் தட்டுவதில்லை. மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் கருத்துப் பழுப்பாகிவிட்டது. தேக்கு உடுக்கைகளுக்கும் பலாவுக்கும் இப்போது அவ்வளவு வித்தியாசம் இல்லை. துளசித் தொட்டி ஒரு மாதம் மேலே இருந்த இடம் மட்டும் வட்டமாக மஞ்சளாக இருந்தது, அதுவும் மங்கிவருகிறது. ஒரு கால் இன்னும் ஒரு நூல் ஆடுகிறது. ஆசாரி வந்தபோது அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்தபடியே பெஞ்சை இடதும் வலதும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "எடுங்க சார் இழைப்புளிய" என்றார்.